கப்பல் தாத்தாவின் விசா வளையம்

நஞ்சுண்டன் தன் வாழ்நாளில் இரண்டு முறை காலில் இரும்பு வளையம் மாட்டிக்கொண்டிருக்கிறார். இரண்டு முறையும் யாரும் அவரை வற்புறுத்தவில்லை. முதல் முறை 1994 ஏப்ரலில், சென்னை அமெரிக்கத் தூதரகத்துக்கு எதிர்ச்சாரியில். இரண்டாம் முறை 1999 அக்டோபரில், நியூஜெர்சியில், பச்சை அட்டைக்குக் கைரேகை கொடுக்கப் போன அன்று. இடைப்பட்ட ஐந்தரை ஆண்டுகளில் அவர் பிளெய்ன்ஸ்பரோவில் ஓர் அடுக்ககத்தில் குடியிருந்தார். தினமும் ஒரு மணி நேரம் காரோட்டிப் பார்சிப்பனிக்குப் போய், ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கணினிகளிடம், தொண்ணூற்றொன்பதுக்குப் பிறகு இரண்டு சைபர் வந்தால் பதற வேண்டாம் என்று பக்குவமாக எடுத்துச்சொல்லும் வேலை பார்த்தார்.

எதையும் விசாரிக்காமல் விடாத மனிதர் அவர். ஷாம்பு புட்டியின் பின்பக்கத்தைக் கடைசி வரி வரைக்கும் படிப்பார். பிரிட்ஜ்வாட்டர் கோவிலுக்குப் போனால் சாமி கும்பிட்ட கையோடு, கோபுரத்துக்குச் சிமெண்ட் எங்கிருந்து வந்தது என்று கேட்பார். அப்பேர்ப்பட்டவர் முப்பத்தேழு வயதுவரை ஒரே ஒரு பொருளைப் பற்றி மட்டும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அது அந்த வளையம்.

வளையத்தின் வரலாற்றைத் தாராபுரத்திலிருக்கும் அவருடைய சித்தப்பா பாலசுப்ரமணியன் சொல்லிக் கேட்க வேண்டும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்பதால் குறுக்கே யாரும் கேள்வி கேட்பதை அவர் விரும்புவதில்லை. குடும்பத்தின் ஐந்து தலைமுறைக்கு முந்தைய கருப்பசாமி, 'கப்பல் தாத்தா' என்று வழங்கப்படுபவர், கம்பெனி ஆட்சிக் காலத்திலேயே கடல் கடந்தார். அதுவும் சொந்தச் செலவில் அல்ல. கம்பெனியே கூப்பிட்டுக்கொண்டு போனது. தாராபுரத்திலிருந்து மதராஸ் வரை நான்கு சேவகர்கள் துணைக்கு வந்தார்கள். கப்பலில் இடம், சாப்பாடு, இரண்டு செட் துணி, எல்லாம் இலவசம். பினாங்கில் போய் இறங்கி, சாலை போட்டார், பாலம் கட்டினார். ஆகவே அவர் என்ஜினியர். அவர் ஊர் திரும்பவில்லை. ஆனால் அவர் போய்ப் பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, அவர் மனைவிக்கு ஒரு பொட்டலம் வந்தது. அதில் இருந்தது இந்த வளையம். கப்பலின் நங்கூரச் சங்கிலியில் ஒரு கண்ணி. கப்பலே அவருடையதாக இருந்தாலொழிய நங்கூரத்தை யார் கழற்றிக் கொடுப்பார்கள்? ஆகவே அவர் கப்பல் முதலாளியும்கூட.

ஆடி அமாவாசையன்று இந்த வளையத்துக்கு நல்லெண்ணெய் பூசி, வாழையிலையில் வைத்து, உப்பில்லாத கேழ்வரகுக் களி படைப்பார்கள். தாத்தாவுக்கு வேறு எதுவும் பிடிக்காது என்பது ஐதீகம்.

கடல் கடக்கும் வாரிசுகள் எல்லாரும் வலது கணுக்காலில் வளையத்தை மாட்டிக்கொண்டு விசாவுக்குப் போவதும், வாசலில் கழற்றித் துணைக்கு வந்தவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே நுழைவதும் வழக்கம். வளையத்தின் தடம் காலில் இருக்கும்வரை பலன் உண்டு. 1937இல் கொழும்பு போனவரிலிருந்து கணக்கெடுத்தால் பதினொரு பேர் மாட்டினார்கள். பதினொரு பேரும் போனார்கள். பகுத்தறிவு பேசி, வளையம் வேண்டாம் என்று குவைத்துக்கு மனுப் போட்ட ஒருவர் இன்றைக்கும் மூலனூரில் உரக்கடை வைத்திருக்கிறார். இதற்கு மேலும் நிரூபணம் கேட்பவர்களைச் சித்தப்பா வீட்டுக்குள் சேர்ப்பதில்லை.

1999இல் நஞ்சுண்டனுக்கு வளையம் எப்போதையும்விட அவசரமாகத் தேவைப்பட்டது. அவருடைய வேலை விசாவுக்கு ஆறே வருடம்தான் ஆயுள். அடுத்த மே மாதத்தோடு முடிகிறது. அதற்குள் பச்சை அட்டை வராவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அவர் மனைவி வள்ளி வேதியியலில் எம்.எஸ்ஸி. ஆனால் அவளுடைய விசாவில் அவள் சமைக்கலாம், துவைக்கலாம், சம்பளம் மட்டும் வாங்கக் கூடாது. ஐந்தரை வருடமாக அவள் செய்த ஒரே ஆய்வகப் பணி, அஞ்சறைப் பெட்டியில் உப்புக் கிண்ணத்தின் மேல் அதன் மூலக்கூறு வாய்பாட்டை எழுதி ஒட்டியதுதான். பக்கத்து ஊர் மருந்துக் கம்பெனி ஒன்று, கையில் அனுமதி வந்ததும் வரச்சொல்லிக் கடிதம் கொடுத்திருந்தது. அந்தக் கடிதம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், காந்தத்துக்கு அடியில், ஏழு மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே, கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு நண்பரின் பெட்டியில், பருப்புப் பொடிக்கும் முறுக்குக்கும் நடுவில், வளையம் நியூஜெர்சி வந்து சேர்ந்தது.

வாசலில் வாங்கிக்கொள்ளத் துணைக்கு ஆள் இல்லாததால் வளையத்தோடேயே கைரேகை கொடுத்து முடித்த நஞ்சுண்டன் நேரே அலுவலகம் போனார். வளையத்தைக் கழற்றலாம் என்று பார்த்தால் போல்ட் திரும்பவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, காலுறையை மடக்கி, காலை மேசைமேல் தூக்கி வைத்து, ஸ்டேப்ளரின் முனையால் அதை நெம்பிக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தடுப்பிலிருந்து டெஸ் எட்டிப் பார்த்தான்.

டெஸ் என்கிற டெஸ்மண்ட், ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே இருக்கும் டாஸ்மேனியாக்காரன். இவரைப் போலவே வேலை விசாவில் வந்தவன். எல்லாரும் மேசையில் மனைவி மக்கள் படம் வைத்திருந்தால், அவன் மட்டும் ஒரு பழைய கப்பல் பட்டியலின் நகலைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தான். அதில் ஒரு பெயருக்கடியில் சிவப்புக் கோடு. அவனுடைய பாட்டனுக்குப் பாட்டன். இங்கிலாந்தில் ஒரு செம்மறியாட்டைத் திருடி, ஏழு வருடத் தண்டனை பெற்று, 1833இல் டாஸ்மேனியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரச் சர்க்கார் தன் ஊர்த் திருடர்களைக் கப்பல் கப்பலாக ஏற்றி உலகத்தின் மறுகோடியில் இறக்கிவிட்டு வந்தது. இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது அதைச் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். டெஸ்ஸின் ஊரில் திருடாத பாட்டனை வைத்திருப்பவனுக்கு விருந்துகளில் பேச விஷயம் கிடையாதாம்.

"நஞ்ச், உன் காலில் என்ன அது?"

"எங்கள் குடும்ப அதிர்ஷ்ட வளையம். நங்கூரச் சங்கிலியில் ஒரு கண்ணி."

டெஸ் மண்டியிட்டு உட்கார்ந்து பார்த்தான். பிறகு எழுந்துபோய்த் தன் தடுப்பில் குத்தியிருந்த அருங்காட்சியக அட்டை ஒன்றைப் பிடுங்கிவந்து, நஞ்சுண்டனின் கணுக்காலுக்குப் பக்கத்தில் வைத்தான். படத்தில் அதே கனம், அதே வளைவு, அதே முட்டைவடிவம், சங்கிலி கோக்க அதே காது.

"எந்தக் கப்பலுக்கும் நங்கூரத்தை மனிதக் கணுக்கால் அளவில் செய்யமாட்டார்கள், நண்பா," என்றான் டெஸ். "இது விலங்கு. உன் தாத்தா எதைத் திருடினார்?"

அவன் குரலில் இருந்தது அனுதாபம் அல்ல, மரியாதை. ஐந்து வருடத்தில் முதல் தடவையாக அவன் நஞ்சுண்டனைச் சமமானவராகப் பார்த்தான்.

"அவர் திருடவில்லை. கம்பெனி அவரை அழைத்துப் போனது."

"துணைக்கு ஆட்கள் வந்தார்களா?"

"நாலு பேர்."

"சாப்பாடு, துணி?"

"இலவசம்."

"சாலை போட்டாரா?"

நஞ்சுண்டன் காலைக் கீழே இறக்கிக்கொண்டார்.

மதிய உணவு நேரம் முழுக்க டெஸ் பாடம் நடத்தினான். வெள்ளைக்காரர்கள் தங்கள் திருடர்களை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியதைப் போலவே, இந்தியத் திருடர்களைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பினார்கள். ஏற்பாடு ஒன்றுதான். கைதி ஒரு முதலாளியின் கீழ் வைக்கப்படுவான். அனுமதியில்லாமல் முதலாளியை மாற்ற முடியாது. வருடக்கணக்கில் ஒழுங்காக நடந்தால் விடுப்புச் சீட்டு கிடைக்கும். அது கிடைத்தால் பிடித்த இடத்தில் வேலை பார்க்கலாம். ஆனால் கேட்காமல் எல்லை தாண்டக் கூடாது.

நஞ்சுண்டன் தயிர்சாதத்தைப் பிசைவதை நிறுத்தினார். போன மாதம்தான் குடியேற்ற அலுவலகத்திலிருந்து அவருக்கு ஒரு தாள் வந்திருந்தது. மனு நிலுவையில் இருக்கும்போது நாட்டைவிட்டு வெளியே போய்த் திரும்ப அனுமதிக்கும் தாள். அதன் தலைப்பு 'அட்வான்ஸ் பரோல்'. ஷாம்பு புட்டியைப் படிக்கிறவர் அதையும் படித்திருந்தார். ஏன் பரோல் என்று மட்டும் யோசித்ததில்லை.

அன்று மாலை சமையலறையில், டெஸ் கொடுத்தனுப்பிய துரு எண்ணெயின் உதவியால் வளையம் கழன்றது. கணுக்காலைத் தேய்த்துக்கொண்டே அவர் விஷயத்தைச் சொன்னார். ஐந்து வயது ரோஷினி மிகுந்த ஆர்வத்தோடு கேட்டாள்: "அப்பா, ஆர் வீ பேட் கைஸ்?"

"நோ கண்ணு. உங்கப்பா ஜஸ்ட் வெயிட்டிங் லிஸ்ட்," என்றாள் வள்ளி. பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, இத்தன நாளா கால் வெலங்கையா விசாவுக்கு மாட்டிட்டுப் போனீங்க? அதுவும் பதினோரு பேரு?"

"பதினோரு பேருக்கும் கெடச்சுதில்ல?"

"கெடைக்காம என்ன? தானா வெலங்க மாட்டிட்டு வந்து நிக்கிற ஆள எவன் வேண்டாங்கறான்?"

அன்றிரவே நஞ்சுண்டன் டெஸ் சொல்லிக் கொடுத்த முகவரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதினார். வீட்டுத் தொலைபேசியை இணையத்தில் மாட்டிவிட்டு, பினாங்குக் கைதிகளைப் பற்றி விசாரிக்கும் உலகத்தோடு உறவாடினார். யாரும் அவர்களைக் கூப்பிட முடியாமல் ஆறு வாரம் போனது. பச்சை அட்டை விவகாரம்கூட அவருக்குச் சற்றே இரண்டாம்பட்சமானது. அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: தாத்தா செய்தது என்ன?

பதில் ஜனவரியில், லண்டனிலிருந்து ஒரு நகலாக வந்தது. ஒரே வரி. கைதி எண். தாராபுரம் தாலுகா கருப்பன், வயது இருபத்தாறு. குற்றம்: தாசில்தாரின் காளையை ஓட்டிச் சென்றது, விசாரிக்க வந்த சேவகனை மேற்படி காளையைக் கொண்டே முட்டச் செய்தது. தண்டனை பதினான்கு வருடம். கப்பலேறியது 1841. கடைசிக் கட்டத்தில்: 'விலங்கு வெட்டி அகற்றப்பட்டது, 1846. விடுப்புச் சீட்டு, 1852.' அதன் பிறகு ஒன்றும் இல்லை.

நஞ்சுண்டன் தாராபுரத்துக்கு ஃபோன் போட்டார்.

"சித்தப்பா, கப்பல் தாத்தா கைதியா போனவருங்க. கையில காயிதம் இருக்குது."

"எவன்டா சொன்னது?"

"லண்டன்லருந்து வந்துருக்குங்க."

"அவனுக அப்படித்தான் எழுதுவானுக. என்னத்த எடுத்தாராம்?"

"காளை மாடுங்க."

"யாரு காளை?"

"தாசில்தாரோட காளைங்க."

அழைப்பு அட்டையில் நிமிடத்துக்கு இவ்வளவு சென்ட் என்று காசு ஓடிக்கொண்டிருந்தது.

"தாசில்தாரு காளைய வெட்டவெளியில கட்டிப்போட்டது யாரு தப்பு?" என்றார் சித்தப்பா. "அது கெடக்குது. இன்ட்ரவியூ என்னைக்கு?"

"பிப்ரவரி பதினாலுங்க. நூவர்க்குல."

"வளையத்த மாட்டிட்டுப் போ. கைதியோ கப்பக்காரனோ, போனவரு போனவருதானே?"

தர்க்கத்தில் ஓட்டை இல்லை. நஞ்சுண்டன் குழம்பிப்போனார். விலங்கு என்று தெரிந்த பிறகு மாட்டுவது அசிங்கம். மாட்டாமல் போய்ப் பச்சை அட்டை தவறிவிட்டால், மூலனூர் உரக்கடைக்குப் பக்கத்துக் கடை. ஆறு வருட உழைப்பு, வள்ளியின் வேலைக் கடிதம், எல்லாம் இந்த ஒரு கணுக்காலில் தொங்கியது.

நேர்முகத்துக்கு இரண்டு நாள் முன்பு, சாப்பாட்டு மேசையில் வளையத்தை வைத்துக்கொண்டு வள்ளி உட்கார்ந்திருந்தாள். ரோஷினியின் பூதக்கண்ணாடி அவள் கையில் இருந்தது. வேதியியல்காரி, இரும்பைக் கையில் கொடுத்தால் அதன் ஜாதகத்தைக் கணித்துவிடுவாள்.

"ஏனுங்க, சித்தெ இங்க வாங்க. வளையம் பழைய இரும்பு. இந்தத் தகடும் போல்ட்டும் வேற. துத்தநாக முலாம் பூசுனது. நூறு வருசம் பிந்தி வந்த சரக்கு."

"தெரியும். எங்க தாத்தா காலத்துல போட்டதாமா. வரும்போதே ஒடஞ்சிருந்துச்சுன்னு கொல்லன்கிட்டக் குடுத்து ரிப்பேர் பண்ணி வச்சாங்களாமா."

"ஒடையலீங்க. பாருங்க இந்த எடத்த. உளி வச்சு அடிச்ச தடம். ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒடஞ்சா இப்படி இருக்காது. இது வெட்டுனது."

நஞ்சுண்டன் லண்டன் தாளை எடுத்துவந்தார். விலங்கு வெட்டி அகற்றப்பட்டது, 1846.

"இவரு இத ஏன் ஊருக்கு அனுப்புனாரு?" என்றார். ஷாம்பு புட்டி படிக்கிறவரின் கேள்வி அது. "காசு அனுப்பலாம், துணி அனுப்பலாம். எவனாவது சொந்த வெலங்கப் பொண்டாட்டிக்கு அனுப்புவானா?"

"அவருக்கு எழுதத் தெரியுமா?"

"தெரிஞ்சிருக்காது."

"அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்?"

"அப்ப வேற எப்படித்தான் சொல்லுவாரு?" வள்ளி வளையத்தை அவர் பக்கம் தள்ளினாள். "இது கடுதாசிங்க. 'வெலங்க வெட்டிட்டாங்க, உசுரோட இருக்கறேன்'னு எழுதியிருக்காரு. உங்க ஊட்டுல இத்தன பெரிய வாத்தியாருக இருந்தும் ஒருத்தரும் படிக்கல. ஒடஞ்சுபோச்சுன்னு தகட்ட வச்சு ஒக்கிட்டு, மறுபடியும் கால்ல மாட்டிட்டீங்க."

நஞ்சுண்டன் வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை வாங்கிப் பார்த்த அந்த மனைவி என்ன நினைத்தாள் என்று குடும்ப வரலாற்றில் ஒரு வரியும் இல்லை. அவள் பெயரும் இல்லை.

வள்ளி திருப்புளியை எடுத்தாள். போல்ட் கழன்றது, தகடு விழுந்தது, வளையம் வாய் திறந்தது. மறுபடி மூடுவதற்கில்லாமல், அறுபத்துச் சொச்சம் வருடத்தில் முதல் தடவையாக.

பிப்ரவரி பதினான்கு காலை, நூவர்க் குடியேற்ற அலுவலகத்தின் வாசலில் வள்ளியோடு வந்து நின்ற நஞ்சுண்டனின் காலில் கறுப்புக் காலுறை தவிர வேறெதுவும் இல்லை. திறந்த வளையத்தைக் கைக்குட்டையில் சுற்றித் தோள்பையில், வரிக் கணக்குத் தாள்களுக்கு அடியில் வைத்திருந்தார். வீட்டிலேயே வைத்துவிட்டு வர மனம் வரவில்லை. மூலனூர்க்காரருக்கு அடுத்து, வளையமே இல்லாமல் போய்ப் பரிசோதனை செய்ய அவருக்குத் தைரியம் போதவில்லை என்பதே உண்மை.

பை, எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போனது. இயந்திரம் நின்றது. பாதுகாவலர் அறுபது வயது மதிக்கத்தக்க கறுப்பினத்தவர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார். பையைத் திறந்தார். கைக்குட்டையைப் பிரித்தார்.

"சார், இட் இஸ் எ…" என்று நஞ்சுண்டன் ஆரம்பித்தார். தாராபுரம், கம்பெனி ஆட்சி, காளை, பினாங்கு என்று நான்கு நிமிட உரை ஒன்றைக் காரிலேயே தயாரித்து வந்திருந்தார்.

"இது என்னவென்று எனக்குத் தெரியும்," என்றார் பாதுகாவலர்.

ஒரு குடும்பத்துக்கு ஒன்றரை நூற்றாண்டும், டெஸ்ஸுக்கு ஓர் அருங்காட்சியக அட்டையும், வள்ளிக்கு ஒரு பூதக்கண்ணாடியும் தேவைப்பட்ட இடத்தில், அவருக்கு ஒரு கணம்கூடத் தேவைப்படவில்லை. வெட்டுப்பட்ட இடத்தைக் கட்டைவிரலால் ஒரு முறை தடவினார்.

"யாருடையது?"

"என் தாத்தாவின் தாத்தாவுக்கும் அப்பா."

"கழற்றிவிட்டார்கள், இல்லையா?"

"யெஸ் சார். 1846."

"நல்லது," என்றார். கைக்குட்டையில் திரும்பச் சுற்றினார், நஞ்சுண்டன் சுற்றியதைவிட ஒழுங்காக. "உள்ளே இதை அனுமதிக்க முடியாது. என் மேசையில் இருக்கும். போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள். யாரும் தொடமாட்டார்கள்."

நேர்முகம் ஆறு நிமிடம் நடந்தது. அதிகாரி, தலை நிமிராமல் கேள்விகளைப் படித்துக்கொண்டே போனார். 'எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா?' என்ற இடத்தில் நஞ்சுண்டனின் மனசாட்சி விழித்துக்கொண்டது.

"நான் மட்டுமா சார்?"

அதிகாரி முதல் தடவையாக நிமிர்ந்தார். மேசைக்கடியில் வள்ளியின் செருப்பு நஞ்சுண்டனின் வலது கணுக்காலில், வளையம் இருக்க வேண்டிய அதே இடத்தில், அழுத்தமாக இறங்கியது.

"நீங்கள் மட்டும்," என்றார் அதிகாரி.

"இல்லை சார்."

இருவர் கடவுச்சீட்டிலும் முத்திரை விழுந்தது. இனி நஞ்சுண்டன் முதலாளியை மாற்றலாம். வள்ளி சம்பளம் வாங்கலாம்.

தாராபுரத்தில் இச்செய்தி முறைப்படி வரவேற்கப்பட்டது.

"பாத்தியா? வளையம் வேல செஞ்சுதா இல்லியா?" என்றார் சித்தப்பா.

"மாட்டவே இல்லைங்க சித்தப்பா. வாசல்லயே வாங்கி வச்சுட்டாங்க."

"வாசல்ல இருந்தே வேல செஞ்சிருக்குது!" சித்தப்பா விடவில்லை. "செரி, நம்ம ஜெயபிரகாசுக்கு அடுத்த மாசம் சென்னையில விசா. வளையத்தச் சீக்கிரம் அனுப்பு. போல்ட்டோட."

வள்ளி பிளெய்ன்ஸ்பரோவில் கண்ணாலேயே இல்லை என்றாள்.

"போல்ட்டு தொலஞ்சு போச்சுங்க சித்தப்பா."

பிறகு அவர் எல்லாவற்றையும் சொன்னார். உளித் தடத்தை, 1846ஐ, படிக்கத் தெரியாத அந்த மனைவியை. அழைப்பு அட்டை தீரும்வரை சொன்னார். தலைமையாசிரியராகி முப்பது வருடத்தில், குறுக்கே பேசாமல் சித்தப்பா கேட்ட முதல் பாடம் அதுவாக இருக்கலாம்.

வளையம் ஊர் போய்ச் சேர்ந்தது. ஜெயபிரகாஷ் அதன் திறந்த வாயை மஞ்சள் கயிற்றால் கட்டி, காலில் மாட்டிக்கொண்டு தூதரகத்துக்குப் போனான். வழியில் கயிறு அவிழ்ந்து, வளையம் மவுண்ட் ரோட்டில் உருண்டு, அவன் அதைத் துரத்திப் பிடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. விசா கிடைத்தது. ஆகவே, உருட்டிவிட்டுப் பிடிப்பதும் சடங்கில் சேர்க்கப்பட்டிருக்கிறது.

போல்ட், வள்ளியின் கார்ச் சாவிக் கொத்தில் இருக்கிறது. மார்ச் மாதத்திலிருந்து காலை ஏழே முக்காலுக்கு அது பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து கிளம்பி மருந்துக் கம்பெனிக்குப் போகிறது. டெஸ் லண்டன் தாளின் நகலைச் சட்டம் போட்டுப் பரிசளித்தான். அதன் பிறகு அலுவலக விருந்துகளில் செம்மறியாடு பெரிதா, தாசில்தார் காளை பெரிதா என்ற பேச்சு வரும்போதெல்லாம் அவன் பெருந்தன்மையோடு தோற்றுவிடுகிறான்.

சித்தப்பா இன்றுவரை எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. நங்கூரம் நங்கூரம்தான் என்கிறார். ஆனால் அந்த வருட ஆடி அமாவாசையன்று, வளையத்தைத் திறந்த வாயோடு இலையில் வைத்தார்கள். களி கிண்டிக்கொண்டிருந்த மருமகளிடம் சித்தப்பா போய், யார் காதிலும் விழாதபடி, இந்தத் தடவை உப்புப் போடச் சொன்னாராம். தொட்டுக்கொள்ளக் கருப்பட்டியும் வைக்கச் சொன்னாராம்.